பையருடன் பார் மெனுவைத் திறக்கும்போது: மதுவகைகளுக்கான ஆங்கிலச் சொற்கள், முழுமையான வழிகாட்டி

திருப்பூர் ஆடை நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில் இருப்பவருக்கு, பையர், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், வந்திருக்கும் நாளில் பகலைவிட இரவுதான் சோதனை. துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம், டையிங் ஷேடு, ஷிப்மென்ட் தேதி எல்லாம் விரல் நுனியில் இருக்கும். கோவையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்ததும் பையர் மெனு அட்டையைக் கையில் கொடுத்து "வாட் டூ யூ ரெகமெண்ட்?" என்பார். அதில் ஐபிஏ, ப்ரூட், சிங்கிள் மால்ட், அபெரிடிஃப் என்று வரிசை கட்டி நிற்கும். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்கு நேர்காணல் போகும் கோபிச்செட்டிபாளையம், பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்கும் இதே இடத்தில்தான் நாக்கு குழறுகிறது.

இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ளக் குடித்துப் பழகியிருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், குடிக்காதவருக்குத்தான் இவை அதிகம் தேவை. ஏன் என்பது படி 6-இல் வரும். பட்டியலை மனப்பாடம் செய்வதும் வீண். எந்தப் பொருளிலிருந்து, எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துக்கொண்டால் முக்கால்வாசிச் சொற்கள் தாமாக இடத்தில் உட்காரும்.

படி 1: கள்ளா, சாராயமா என்று முதலில் பிரியுங்கள்

உலகத்து மது எல்லாம் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இவற்றில் ஒன்றோடு வேறு எதையாவது சேர்த்தது. சர்க்கரை இருக்கும் திரவத்தை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவது ஃபெர்மென்டேஷன். கள், பீர், வைன், சைடர், ஜப்பானியரின் சாக்கே எல்லாம் இந்த வகை. பெரும்பாலான ஈஸ்ட், ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்கும்போது தானே சோர்ந்துவிடும். அதனால் இந்த வகை அதற்கு மேல் அதிகம் ஏறாது.

அப்படிப் புளித்ததைக் காய்ச்சி வடிப்பது டிஸ்டிலேஷன். ஆல்கஹால் 78 டிகிரியில் ஆவியாகும், தண்ணீர் 100 டிகிரியில். முதலில் எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் வலுவான சரக்கு. இதற்குப் பொதுப்பெயர் ஸ்பிரிட்ஸ். விஸ்கி, பிராந்தி, ரம், ஜின், வோட்கா, டெக்கீலா ஆறும் இதற்குள் அடக்கம். பீர் செய்யும் இடம் ப்ரூவரி, வைன் செய்யும் இடம் வைனரி, ஸ்பிரிட்ஸ் வடிக்கும் இடம் டிஸ்டிலரி. "விஸ்கி ப்ரூவரி" என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் புருவத்தைத் தூக்குவார்.

நம் கள்ளை எப்படிச் சொல்வது? இந்திய ஆங்கிலத்தில் டாடி என்போம். வெளிநாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் "ஹாட் டாடி" நினைவுக்கு வரும். அது விஸ்கியில் வெந்நீர், தேன், எலுமிச்சை சேர்த்து ஜலதோஷத்துக்குக் குடிப்பது. எனவே "பாம் வைன்" என்றோ, "ஃபெர்மென்டட் கோகனட் சாப்" என்றோ சொல்லுங்கள். சுண்ணாம்பு பூசிய பானையில் இறக்கும் பதநீர் "அன்ஃபெர்மென்டட் சாப்". சுண்ணாம்பு ஈஸ்டை வேலை செய்ய விடாது, அதனால்தான் பதநீர் இனிப்பாகவே நிற்கிறது. வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும் விருந்தாளி, தமிழ்நாட்டில் இல்லாத கள்ளுக்கடைப் பலகையை அங்கே பார்த்துவிட்டு நிச்சயம் கேட்பார். "டாடி இஸ் லைசன்ஸ்டு இன் கேரளா, நாட் அலவ்டு இன் தமிழ்நாடு" என்றால் விஷயம் முடிந்தது. கள்ளுக்கு அனுமதி கேட்டு ஈரோட்டுப் பக்கம் உழவர்கள் நெடுநாளாகப் போராடுவதையும் சொன்னால் ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பொருள் கிடைக்கும்.

சாராயத்தை "அராக்" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் அது தென்னங்கள்ளை வடித்து எடுக்கும் மதிப்பான பானம். லெபனானில் அதே போன்ற பெயரில் இருப்பது சோம்பு வாசனையுள்ள திராட்சைச் சரக்கு. நம்மூர்க் கள்ளச்சாராயத்துக்கு "இல்லிசிட் லிக்கர்" அல்லது "மூன்ஷைன்" சரியாக இருக்கும்.

படி 2: பீர்

வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தியது மால்ட். கசப்பும் மணமும் தரும் பூ ஹாப்ஸ். இந்த இரண்டு சொல்லும் ஈஸ்ட்டும் தெரிந்தால் போதும்.

குறைந்த வெப்பத்தில் மெதுவாகப் புளிக்கவைத்தது லாகர். நம் கடைகளில் கிடைக்கும் பீரில் பெரும்பங்கு இதுதான். அறை வெப்பத்தில் விரைவாகப் புளித்தது ஏல்; பழவாசனை தூக்கலாக இருக்கும். செக் நாட்டின் பில்சன் நகரில் 1842-இல் பிறந்த பொன்னிற லாகர் பில்ஸ்னர். ஹாப்ஸை அள்ளிப் போட்ட கசப்பு ஏல்தான் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருப்பதைப் பார்த்து நம்மூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது இங்கிலாந்தில் காய்ச்சிக் கப்பலில் இங்கே அனுப்பியது. வறுத்த வாற்கோதுமையால் கறுத்து, காபி வாசம் அடிப்பது ஸ்டவுட். கோதுமை சேர்த்து மங்கலாக இருப்பது வீட் பீர்.

பீப்பாயிலிருந்து குழாய் வழியே பிடிப்பதற்கு உச்சரிப்பு "டிராஃப்ட்". ஆங்கிலேயர் எழுதும் எழுத்துக் கூட்டலைப் பார்த்து "டிராட்" என்று படித்துவிடுவது வழக்கமான பிழை. "ஆன் டேப்" என்றாலும் இதுவே. பாரில் கேட்க "வாட் டூ யூ ஹேவ் ஆன் டேப்?"

சைடர் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் அது ஆப்பிள் மது. அமெரிக்காவில் அதே பெயர் ஆப்பிள் சாறு, மது வேண்டுமானால் "ஹார்ட் சைடர்" என்று கேட்க வேண்டும். ரூட் பீர் என்பது பெயரில் மட்டும் பீர். குழந்தைகள் குடிக்கும் குளிர்பானம்.

படி 3: வைன்

இங்கே பொருளைவிட உச்சரிப்புதான் காலை வாரும். கடைசி எழுத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிட வேண்டும்: மெர்லோ, பீனோ நுவார், கேபர்நே சோவின்யோன் மூன்றும் சிவப்பு; ஷார்டனே, சோவின்யோன் பிளாங் இரண்டும் வெள்ளை. இவை அனைத்தும் திராட்சை வகைகளின் பெயர்கள். இளஞ்சிவப்பு வைனின் பெயர் "ரோஸே", "ரோஸ்" இல்லை.

"டிரை" என்றால் இனிப்பில்லாதது. இதற்கு எதிர்ச்சொல் ஸ்வீட். வாயில் கனமாகத் தெரிவது ஃபுல் பாடிடு, லேசாகத் தெரிவது லைட் பாடிடு. நாக்கை உலரவைக்கும் துவர்ப்பு டானின். கடுந்தேநீரில் இருப்பதும் அதுதான். இந்த ஐந்து சொற்களை வைத்துக்கொண்டே "சம்திங் டிரை அண்ட் லைட் பாடிடு, ப்ளீஸ்" என்று கேட்டுவிடலாம். எந்தத் திராட்சை என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பரிமாறுபவர் பார்த்துக்கொள்வார்.

குமிழி வரும் வைனுக்குப் பொதுப்பெயர் ஸ்பார்க்லிங் வைன். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில், அந்த ஊர் முறைப்படி செய்தால் மட்டுமே அது ஷாம்பெய்ன். இத்தாலியில் ப்ரொசெக்கோ, ஸ்பெயினில் காவா. ஸ்பெயின் பையருக்குக் காவாவை ஊற்றிக்கொண்டே "ஷாம்பெய்ன்" என்று சொல்வது அவருக்கு உறுத்தும். இவற்றின் லேபிளில் ஒரு பொறி இருக்கிறது: "எக்ஸ்ட்ரா டிரை" என்று எழுதியிருப்பது "ப்ரூட்" என்பதைவிட இனிப்பானது. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கு உட்பட்ட சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை. பெயரை நம்பி வாங்கினால் கணக்குத் தலைகீழாகும்.

பிராந்தி சேர்த்து வலுக்கூட்டிய வைன் ஃபோர்டிஃபைடு வைன்: போர்ச்சுகலின் போர்ட், ஸ்பெயினின் ஷெர்ரி. சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். சின்னக் கிளாஸில்தான் வரும். நிறைய ஊற்றச் சொல்லக் கூடாது.

படி 4: ஸ்பிரிட்ஸ்

மூலப்பொருளை வைத்துப் பிடியுங்கள். தானியத்தை வடித்து மரப்பீப்பாயில் ஊறவைத்தால் விஸ்கி. திராட்சை வைனை வடித்தால் பிராந்தி. கரும்புச்சாறு அல்லது ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து ரம். சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் பக்கம் கரும்பு ஆலையைப் பார்த்தவருக்கு மொலாசஸ் வாசனையை விளக்கத் தேவையில்லை. தானியமோ உருளைக்கிழங்கோ, நிறமும் மணமும் இல்லாதபடி சுத்தமாக வடித்தால் வோட்கா. அப்படிப்பட்ட சுத்தச் சரக்கில் ஜூனிப்பர் காயின் மணத்தை ஏற்றினால் ஜின். மெக்சிகோவின் நீலக் கற்றாழை வகையிலிருந்து டெக்கீலா. அந்தச் செடி நம் கள்ளி வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு உறவு.

இதில் விஸ்கிதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும். ஸ்காட்ச் என்று பெயர் வைக்க, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட்டில் உள்ள "சிங்கிள்" ஒரே டிஸ்டிலரியைக் குறிக்கிறது. ஒரே பீப்பாய் என்று நினைப்பது பரவலான தவறு. ஒரே பீப்பாய் என்றால் "சிங்கிள் காஸ்க்". மால்ட் விஸ்கியோடு மற்றத் தானிய விஸ்கியைக் கலந்தது பிளெண்டட். பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயது 12. கரிப்புகை வாசனை "பீட்டி" அல்லது "ஸ்மோக்கி". அதற்குப் பெயர்போன தீவை எழுத்துப்படி "இஸ்லே" என்று வாசிக்காமல் "ஐலா" என்று சொல்லுங்கள். அமெரிக்காவின் பர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயில் ஊற வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரு வழக்கம்: ஸ்காட்லாந்து, கனடா, ஜப்பான், இந்தியா ஆகியவை ஒய்-க்கு முன் ஈ போடாது, அயர்லாந்து போடும், அமெரிக்காவில் பெரும்பாலோர் போடுவார்கள்.

நம்மூர் மலிவு விஸ்கியைப் பற்றிப் பையர் கேட்டால் மழுப்ப வேண்டாம். இந்தியாவில் விற்கும் விஸ்கியில் நிறைய, மொலாசஸ் ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை விஸ்கி என்று விற்க முடியாது. தானியத்தில் செய்த இந்திய சிங்கிள் மால்ட்கள் வேறு ரகம், அவற்றைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

பிராந்தியில் உயர்ந்த பெயர் கோன்யாக், பிரான்சில் அந்தப் பெயருள்ள பகுதியில் செய்தது. அதில் விஎஸ் என்றால் குறைந்தது 2 ஆண்டு, விஎஸ்ஓபி 4 ஆண்டு, எக்ஸ்ஓ 10 ஆண்டு. மற்ற நாட்டுப் பிராந்தியில் அதே எழுத்துகளைப் பார்த்து அதே வயது என்று எண்ண வேண்டாம். சளிக்குப் பிராந்தி என்பது நம்மூர் நம்பிக்கை. ஐரோப்பியர் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சமாகக் குடிப்பார்கள். அப்படிச் சாப்பாட்டுக்குப் பிந்தையது டைஜெஸ்டிஃப், பசியைக் கிளப்ப முன்னால் குடிப்பது அபெரிடிஃப்.

லிக்கர் என்பது மதுவகை, பெரும்பாலும் ஸ்பிரிட்ஸ். அதையே கொஞ்சம் நீட்டி "லிக்யூர்" என்றால், ஸ்பிரிட்டில் சர்க்கரையும் பழமோ காபியோ க்ரீமோ சேர்த்த இனிப்பு வகை. "டூ யூ லைக் லிக்கர்?" என்று ஒரு பெண் விருந்தாளியிடம் கேட்க நினைத்தது காபி லிக்யூரைப் பற்றியாக இருக்கலாம்; அவருக்குக் கேட்பது வேறு.

படி 5: அளவும் லேபிளும்

இந்திய பாரில் ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. "பெக்" என்ற சொல் நம் பக்கத்தோடு சரி. பிரிட்டனில் "சிங்கிள்" 25 அல்லது 35 மில்லி, "டபுள்" அதன் இரட்டிப்பு. அமெரிக்காவில் "ஷாட்" சுமார் 44 மில்லி. பீருக்குப் பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்கப் பைன்ட் 473 மில்லி.

லேபிளில் "ஏபிவி" அல்லது "வி/வி" என்று இருப்பது ஆல்கஹால் சதவீதம். நம் பாட்டில்களில் 42.8 என்று காண்பதும் 75 டிகிரி ப்ரூஃப் என்று காண்பதும் ஒன்றே. அது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃப் என்பது சதவீதத்தின் நேர் இரட்டிப்பு, 80 ப்ரூஃப் என்றால் 40 சதவீதம். இரண்டையும் குழப்பினால் சரக்கின் வலுவைத் தப்பாக எடைபோடுவீர்கள்.

பிரிட்டிஷ் விருந்தாளிகள் "யூனிட்ஸ்" என்று பேசுவார்கள். மில்லி அளவைச் சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். 60 மில்லி விஸ்கி, 42.8 சதவீதம்: 2.6 யூனிட். 650 மில்லி பீர், 5 சதவீதம்: 3.25. அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 5.2, அதாவது இரண்டு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். "பீர்தானே, ஒண்ணும் பண்ணாதுங்க" என்பதற்கு இந்தக் கணக்கே பதில். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. ஒரு குவாட்டரிலேயே 7.7 போய்விடுகிறது.

படி 6: கேட்பது, மறுப்பது, பரிமாறுவது

ஐஸும் தண்ணீரும் சேர்க்காமல் அப்படியே என்றால் "நீட்". ஐஸ் மட்டும் என்றால் "ஆன் தி ராக்ஸ்". கொஞ்சம் தண்ணீர் "எ ஸ்பிளாஷ் ஆஃப் வாட்டர்". சோடா, டானிக், கோலா எல்லாம் "மிக்ஸர்". சாப்பிடும் மிக்சரை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடக் கூடாது. ஐஸில் குலுக்கி வடிகட்டி ஐஸ் இல்லாமல் தருவது "அப்", எலுமிச்சைத் தோல் சுருள் "ட்விஸ்ட்". ஊற்றிக்கொண்டே ஒருவர் "சே வென்" என்றால், போதும் என்று தோன்றும்போது சொல்லச் சொல்கிறார். "வென்" என்றோ "தட்ஸ் ஃபைன்" என்றோ சொன்னால் நிறுத்துவார். சும்மா சிரித்துக்கொண்டிருந்தால் கிளாஸ் நிறைந்துவிடும்.

குடிக்காதவர் கவனிக்க வேண்டியவை. "ஐ ஆம் நாட் ஆல்கஹாலிக்" என்று சொல்லாதீர்கள். நான் குடிநோயாளி இல்லை என்று பொருள் ஆகும். "ஐ டோன்ட் டிரிங்க், பட் ப்ளீஸ் கோ அஹெட்" போதும், காரணம் சொல்லத் தேவையே இல்லை. மறுபடி வற்புறுத்தினால் "ஐ ஆம் டிரைவிங் டுநைட்". எதிரில் இருப்பவரிடம் "ஆர் யூ டிரங்க்?" என்றால் போதையில் இருக்கிறீர்களா என்று கேட்டதாகும், குடிப்பீர்களா என்பதற்கு "டூ யூ டிரிங்க்?" முற்றும் தவிர்ப்பவர் டீடோட்டலர். லேசான மயக்கம் டிப்ஸி, தெளிவாக இருப்பவர் சோபர், மறுநாள் தலைவலி ஹேங்ஓவர்.

மது இல்லாத கலவை மாக்டெய்ல். "வர்ஜின் மொஹீட்டோ" என்பது போலப் பெயருக்கு முன் "வர்ஜின்" வந்தாலும் மது இல்லை. ஆனால் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயில் ஒரு சொட்டு டீ கிடையாது. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்யூர் ஐந்தும் அதில் இருக்கின்றன. டீ என்று நம்பிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நான்-ஆல்கஹாலிக்" பீரில் அமெரிக்கக் கணக்குப்படி 0.5 சதவீதத்துக்குக் கீழ் ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாது என்பவர் லேபிளில் 0.0 பார்க்க வேண்டும். சுத்த சைவக்காரர் இன்னொன்றும் பார்க்கணும்: பிளடி மேரி என்ற காக்டெய்லில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி மாதிரியான மீன் உண்டு, விஸ்கி சவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு. "எனி ஃபிஷ் ஆர் எக் இன் திஸ்?" என்று கேட்டுவிடுங்கள்.

பில் நம் கணக்கில் என்றால் "இட்ஸ் ஆன் அஸ்". ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்காமல் கடைசியில் மொத்தமாகக் கட்டுவது "ரன்னிங் எ டேப்". வெளியிலிருந்து கொண்டுவந்த வைனைத் திறந்து தர ஓட்டல் வாங்கும் கட்டணம் "கார்க்கேஜ்".

படி 7: எல்லை தாண்டாத நம்மூர்ச் சொற்கள்

குவாட்டர், ஆஃப், ஃபுல் ஆகியவை 180, 375, 750 மில்லி என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்; மான்செஸ்டரில் யாருக்கும் தெரியாது. அங்கே மில்லி அளவைச் சொல்லுங்கள், அல்லது "எ பாட்டில்". கட்டிங் என்பதற்கு ஈடே இல்லை, விட்டுவிடலாம். "ஹாட் டிரிங்க்ஸ்" வேண்டுமா என்று கேட்டால் பிரிட்டிஷ்காரர் காபி, டீ என்று எடுத்துக்கொள்வார். ஸ்பிரிட்ஸ் என்று கேளுங்கள். "கூலிங் பீர்" அல்ல, "சில்டு" அல்லது "கோல்டு". கடித்துக்கொள்ளும் வறுவல், கடலையை "சைடு டிஷ்" என்றால் முக்கிய உணவோடு வரும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் என்று புரியும். "பார் ஸ்னாக்ஸ்" சரி.

"வைன் ஷாப்" என்ற பலகையை நம்பி நல்ல பிரெஞ்சு வைன் தேடிப் போக நினைக்கும் விருந்தாளிக்கு, அது "ஸ்டேட்-ரன் லிக்கர் ஸ்டோர்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய கடை "ஆஃப்-லைசன்ஸ்", ஆஸ்திரேலியாவில் "பாட்டில் ஷாப்". மதுவிலக்குக்கு "ப்ரொஹிபிஷன்". அமெரிக்கர்கள் 1920 முதல் 1933 வரை நடந்த தங்கள் கதையைத் தொடங்கினால், நீங்கள் 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் அதைக் கொண்டுவந்ததைச் சொல்லலாம்.

கடைசியாக, மேசையை முன்பதிவு செய்வதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் கடைகளோடு ஓட்டல் பார்களும் மூடியிருக்கும். இவற்றுக்கு "டிரை டே" என்று பெயர். இங்கே "டிரை" என்பது வைனின் சுவை அல்ல, மது விற்பனை இல்லை என்று பொருள். பையரின் பயணத் திட்டம் அப்படி ஒரு நாளில் விழுந்தால், முந்தைய நாளே மின்னஞ்சலில் "டுமாரோ இஸ் எ டிரை டே இன் தமிழ்நாடு, நோ ஆல்கஹால் வில் பி செர்வ்டு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.